பாட ஆசைப்பட்டு பியானோவில் உட்கார்ந்த பையன்: ஸ்டெஃபானோ பொல்லானி

இத்தாலி என்றால் ஓபெரா, ஜாஸ் என்றால் அமெரிக்கா. நம் மனசில் பெரும்பாலும் இப்படித்தான் பதிந்திருக்கிறது. ஆனால் இன்றைக்கு ஐரோப்பாவில் ஜாஸ் பியானோ வாசிப்பவர்களில் யாரைக் கேட்கலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் சொல்லும் முதல் நாலைந்து பெயர்களில் ஓர் இத்தாலிக்காரர் கட்டாயம் இருப்பார். ஸ்டெஃபானோ பொல்லானி. 1972 டிசம்பரில் மிலானில் பிறந்து, ஃப்ளோரன்ஸில் வளர்ந்தவர்.

கொஞ்ச நாளாக இவருடைய ஆல்பங்களை வருஷ வரிசைப்படி கேட்டு, குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். எனக்கு இருந்த கேள்வி ஒன்றுதான். கெட்டிக்காரப் பையன்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதில் ஒருத்தன் மட்டும் மேலே வருவது எப்படி? "பிறவி மேதை, அவ்வளவுதான்" என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் கேள்வி அப்படியே நிற்கும், பதில் வராது. பொல்லானியின் முதல் முப்பத்தைந்து வருஷத்தைப் பார்த்தால் எனக்கு வேறு ஒன்று தெரிகிறது. திறமை இருந்தது, உழைப்பும் இருந்தது, சந்தேகமே இல்லை. அதோடு கூட, தேவைப்பட்ட நேரத்தில் தேவைப்பட்ட மூன்று பேர் அவருக்குக் கிடைத்தார்கள். இந்தக் குறிப்பு அந்த மூன்று பேரையும் சேர்த்துத்தான்.

முதலில், இத்தாலிக்கு ஜாஸ் எப்படி வந்தது?

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். 1917இல் நியூயார்க்கில் பதிவான ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்டின் தட்டைத்தான் பொதுவாக முதல் ஜாஸ் இசைத்தட்டு என்பார்கள். அந்தக் குழுவின் தலைவர் நிக் லாரோக்கா, நியூ ஓர்லியன்ஸில் குடியேறிய சிசிலிக்காரர்களின் பிள்ளை. ஜாஸை உருவாக்கியவர்கள் கறுப்பின இசைஞர்கள். முதல் தட்டு போடும் வாய்ப்பு மட்டும் ஒரு வெள்ளையர் குழுவுக்குப் போனது. அந்த அநியாயம் தனிக்கதை. ஆனால் இத்தாலிய ரத்தம் ஜாஸுக்குள் ஆரம்பத்திலிருந்தே ஓடியிருக்கிறது என்பதற்கு இது ஒரு சாட்சி.

இத்தாலிக்குள் நிலைமை வேற மாதிரி. முசோலினி ஆட்சி அந்நியச் சொற்களையும் அந்நிய இசையையும் சந்தேகத்தோடு பார்த்தது. வேடிக்கை என்னவென்றால், அதே முசோலினியின் கடைசி மகன் ரோமானோ, போருக்குப் பிறகு ஜாஸ் பியானோ கலைஞராகவே ஆனார். குடும்பப் பெயரைச் சொல்லி மேடையேற முடியாமல், ஆரம்பத்தில் வேறு பெயரில் வாசித்தார். அப்பா காலத்தில் மதிப்பில்லாமல் இருந்த இசை, பிள்ளைக்குச் சோறு போட்டது.

அதன்பிறகு எழுபதுகள்தான் முக்கியம். 1973இல் பெரூஜாவை மையமாக வைத்து உம்ப்ரியா ஜாஸ் விழா ஆரம்பித்தது. 1977இல் சியெனாவில் ஜாஸ் கற்றுக்கொடுக்க ஒரு பள்ளி வந்தது. அந்தோனியோனியின் 'லா நோத்தே' படத்துக்கு இசையமைத்த ஜோர்ஜோ கஸ்லீனி, ரோம் இசைக்கல்லூரிக்குள்ளேயே ஜாஸைக் கொண்டுபோனார். ஆக, பொல்லானி தவழ்ந்துகொண்டிருந்த வருஷங்களில் அவருக்கான களம் தயாராகிக்கொண்டிருந்தது. இது அவர் சம்பாதித்தது அல்ல, அவர் பிறந்த நேரம்.

பதில் வந்த கடிதம்

பொல்லானி ஆறு வயதில் கீபோர்டில் கை வைத்தார். பியானோக்காரர் ஆவதற்கு இல்லை. அவருக்குப் பாடகர் ஆகணும் என்று ஆசை. பாடும்போது தனக்குத் தானே வாசித்துக்கொள்ள ஒரு கருவி வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பையனின் நாயகன் ரெனாட்டோ கரோசோனே. நேப்பிள்ஸ்காரர். பியானோவில் உட்கார்ந்துகொண்டே பாடுவார், கிண்டல் செய்வார், கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். அமெரிக்க மோகம் பிடித்த உள்ளூர் இளைஞனைக் கேலி செய்து அவர் 1956இல் போட்ட 'து வ்வோ ஃபா லமெரிக்கானோ' இன்றும் உலகம் முழுக்க ஓடுகிறது. நேப்பிள்ஸ் பாட்டும் அமெரிக்க ஸ்விங்கும் ஒன்றாகக் கலந்த இசை அது.

ஏறத்தாழ பதினொரு வயதில் பொல்லானி இவருக்கு ஒரு கடிதம் எழுதி, தான் பாடி வாசித்த கேசட்டையும் கூடவே அனுப்பினான். பெரிய மனுஷர்களுக்குப் பிள்ளைகள் எழுதும் கடிதங்கள் பெரும்பாலும் எங்கே போய்ச் சேரும் என்பது நமக்குத் தெரியும். கரோசோனே பதில் எழுதினார். வெறும் "வாழ்த்துகள் தம்பி" என்று முடித்திருந்தால் அதுவும் ஒரு நினைவுப்பொருளாக அலமாரியில் இருந்திருக்கும். அவர் எழுதியது வேற. நிறைய ப்ளூஸ் கேள், ஜாஸ் கேள் என்பது அதன் சாரம்.

இந்த அறிவுரை எவ்வளவு துல்லியமானது என்று யோசித்துப் பாருங்கள். "என்னை மாதிரி வாசி" என்று அவர் சொல்லவில்லை. தன்னுடைய இசை எந்த ஊற்றிலிருந்து வந்ததோ அதைக் காட்டிவிட்டார். பையன் ஜாஸ் தட்டுகளைத் தேட ஆரம்பித்தான். பாடகர் கனவு மெல்லப் பின்னால் போய், பியானோ முன்னால் வந்தது. முதல் ஆள் இவர்.

கல்லூரி ஒரு பக்கம், பாப் மேடை ஒரு பக்கம்

ஃப்ளோரன்ஸின் செருபினி இசைக்கல்லூரியில் சேர்ந்து முறையாகச் செவ்வியல் பியானோ படித்தார் பொல்லானி. 1993இல் பட்டயம் வாங்கினார். ஆனால் பதினைந்து வயதிலேயே காசு வாங்கிக்கொண்டு மேடையில் வாசிக்க ஆரம்பித்தாயிற்று. பிறகு ராஃப், ஜோவனோட்டி போன்ற இத்தாலியின் பெரிய பாப் பாடகர்களுக்குப் பின்னால் கீபோர்டு வாசித்தார்.

இந்த இரட்டை வாழ்க்கையை நான் ஏன் வலியுறுத்திச் சொல்கிறேன் என்றால், அவர் வாசிப்பில் இரண்டுமே கேட்கும். செவ்வியல் பயிற்சி விரல்களுக்குத் தெளிவு கொடுத்தது. எவ்வளவு வேகமாகப் போனாலும் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, மணி மணியாக விழும். பாப் மேடை வேறொன்றைக் கற்றுக்கொடுத்தது: கூட்டம் எப்போது காது கொடுக்கிறது, எப்போது நழுவுகிறது என்று தெரிந்துகொள்வது. கல்லூரி வாத்தியார் இதைச் சொல்லித்தர முடியாது.

மூன்றாவது ஒன்றும் இருந்தது. ஜாஸை அவர் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் லூகா ஃப்ளோரஸ். இந்தப் பெயர் வெளியே அதிகம் தெரியாது. 1956இல் பலெர்மோவில் பிறந்து, மொசாம்பிக்கில் வளர்ந்தவர். சின்ன வயதில் அங்கே நடந்த கார் விபத்தில் அம்மாவை இழந்தார். பிறகு ஃப்ளோரன்ஸுக்கு வந்து செவ்வியல் படித்து, ஜாஸுக்கு மாறி, டிரம்பெட் கலைஞர் செட் பேக்கரோடெல்லாம் வாசிக்கும் அளவுக்கு உயர்ந்தார். ஆனால் மனநோய் அவரை விடவில்லை. 1995 மார்ச்சில், 38 வயதில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அதற்குச் சில நாள் முன்னால் ஸ்டூடியோவில் தனியாக உட்கார்ந்து அவர் பதிவு செய்த வாசிப்பு நம்மிடம் இருக்கிறது. ஒரே தடவையில் தொடர்ந்து கேட்க எனக்கு முடியவில்லை. பின்னாளில் வால்டர் வெல்ட்ரோனி அவர் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 2007இல் 'பியானோ, சோலோ' என்ற படமும் அதிலிருந்து வந்தது.

ஆசிரியர் போனபோது மாணவருக்கு 22 வயது. அந்த மரணம் பொல்லானியை என்ன செய்தது என்று ஊகித்து எழுத எனக்கு உரிமை இல்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். ஒரே ஊர், ஒரே கருவி, செவ்வியலிலிருந்து ஜாஸுக்கு வந்த ஒரே பாதை. ஒருவர் இன்று அரங்குகளை நிரப்புகிறார். இன்னொருவரை இத்தாலிக்கு வெளியே யாருக்கும் தெரியாது. திறமை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்று நினைப்பவர்கள் ஃப்ளோரஸை ஒருமுறை கேட்க வேண்டும். எனக்கு இரண்டாவது ஆள் இவர்தான்.

1996, பிராத்தோ

ஃப்ளோரன்ஸுக்குப் பக்கத்து ஊர் பிராத்தோ. அங்கே உள்ள மெத்தஸ்தாசியோ அரங்கில் 1996இல் என்ரிகோ ராவாவைச் சந்தித்தார் பொல்லானி. ராவா இத்தாலிய ஜாஸின் மூத்த டிரம்பெட் கலைஞர். 1939இல் பிறந்தவர். இளம் வயதில் டூரினில் மைல்ஸ் டேவிஸை நேரில் கேட்டுவிட்டு டிரம்பெட்டைக் கையில் எடுத்தவர். நியூயார்க்கில் பல வருஷம் இருந்து ஊர் திரும்பியவர். அவர் பொல்லானியைப் பாரிஸுக்குத் தன்னோடு வாசிக்கக் கூப்பிட்டார். அது மட்டும் இல்லை, பாப் வேலையை விட்டுவிட்டு முழுசாக ஜாஸுக்கு வந்துவிடு, ரிஸ்க் எடுக்க இதுதான் வயசு என்கிற மாதிரி எடுத்துச் சொன்னார்.

வெளியிலிருந்து பார்த்தால் சுலபமான முடிவு மாதிரி தெரியும். ஆனால் பாப் சுற்றுப்பயணம் என்றால் நிச்சயமான சம்பளம், நிரம்பிய அரங்கம், ஓட்டல் அறை. ஜாஸ் என்றால் சின்னக் கிளப், சின்னக் கூட்டம், அடுத்த மாசம் என்ன என்று தெரியாத நிலை. பொல்லானி பாப்பை விட்டார்.

இங்கே ராவா செய்ததைக் கவனியுங்கள். அறிவுரை சொல்வது எல்லாருக்கும் சுலபம். "விட்டுட்டு வா" என்று சொன்னவர், வந்தால் உட்கார ஓர் இடத்தையும் கொடுத்தார். தன் குழுவில், தன் மேடையில், தன் தட்டுகளில். ஜாஸில் குருகுலம் என்பது மேடைதான். மூத்தவர் பக்கத்தில் நின்று வாசிக்கும்போது எங்கே பேச வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று அங்கேயே புரிகிறது. 1998இல் 'மூசிகா ஜாஸ்' பத்திரிகை பொல்லானியை அந்த வருஷத்தின் சிறந்த புதிய திறமையாகத் தேர்ந்தெடுத்தது. 2002இல் டென்மார்க்கின் ஜாஸ்பார் பரிசு ராவாவுக்குக் கிடைத்தபோது, கூடப் போன பொல்லானிக்கு அங்கே யெஸ்பர் போடில்சன் என்ற பேஸ் கலைஞரும், மார்ட்டன் லுண்ட் என்ற டிரம்ஸ் கலைஞரும் அறிமுகமானார்கள். அந்த மூன்று பேரும் சேர்ந்த குழு பல வருஷம் நீடித்தது. ஒரு கதவு திறந்தால் அதற்குள் இன்னும் நாலு கதவு.

சரி, அவர் வாசிப்பில் அப்படி என்ன இருக்கிறது?

ஜாஸ் அதிகம் கேட்காதவர்களுக்காக இந்தப் பகுதி. ஒரு ஜாஸ் பாட்டுக்கு வழக்கமாக ஒரு மெட்டு இருக்கும், அதன் அடியில் கார்டுகளின் வரிசை ஒன்று இருக்கும். முதலில் மெட்டை வாசிப்பார்கள். பிறகு மெட்டை விட்டுவிட்டு, அந்தக் கார்டு வரிசை மேல் அந்த நிமிஷத்தில் தோன்றுவதை வாசிப்பார்கள். நாம் மனோதர்மம் என்று சொல்வது கிட்டத்தட்ட இதுதான், விதிமுறைகள் வேறு. கடைசியில் மெட்டுக்குத் திரும்பி முடிப்பார்கள்.

வழக்கமான ஜாஸ் குழுவில் பேஸ் வாத்தியம் அடித்தளத்தைப் பிடித்துக்கொள்ளும், டிரம்ஸ் காலத்தைப் பிடித்துக்கொள்ளும். பியானோவுக்கு நடுவில் சுதந்திரம். இப்போது 2005இல் இ.சி.எம். வெளியிட்ட 'தாத்தி' ஆல்பத்தைக் கேளுங்கள். ராவாவின் டிரம்பெட், பொல்லானியின் பியானோ, பால் மோஷனின் டிரம்ஸ். பேஸே கிடையாது! மோஷன் ஒருகாலத்தில் பில் எவான்ஸின் புகழ்பெற்ற மூவர் குழுவில் இருந்தவர். அவரும் கடிகாரம் மாதிரி தாளம் தட்டுகிறவர் இல்லை, ஆங்காங்கே வண்ணம் தீட்டுகிற மாதிரி வாசிப்பவர். ஆக, தரையும் இல்லை, சுவரும் இல்லை. முப்பதைத் தாண்டிய ஒரு பையன் இரண்டு கிழவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, இடது கையில் பேஸின் வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, பாதி நேரம் எதுவும் வாசிக்காமல் இருக்கிறான். அந்தப் பாதி நேரம்தான் என்னை அசத்தியது. நிறைய வாசிக்கத் தெரிந்தவர் குறைவாக வாசிக்கக் கற்றுக்கொண்ட இடம் இது.

அடுத்த வருஷம் வந்த 'பியானோ சோலோ' தனியாக வாசித்தது. அதில் புரோகோஃபியேவின் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்ட வாசிப்பு உண்டு. ஸ்காட் ஜோப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்' உண்டு. பழைய டேங்கோ ஒன்று உண்டு. பீச் பாய்ஸ் பாட்டு ஒன்றும் உண்டு. இப்படிப் பட்டியல் போட்டால் கலவைச் சாதம் மாதிரி இருக்கும். கேட்டால் ஒரே ஆள் ஒரே குரலில் பேசுகிற மாதிரி இருக்கிறது.

இன்னொரு விஷயம் அவருடைய கச்சேரிகளில் பிரசித்தம். கடைசியில் கூட்டத்திடம் பாட்டுப் பெயர்களைக் கேட்பார். பத்துப் பெயர் போல வரும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்வார். பீத்தோவனும் இருக்கும், கார்ட்டூன் பாட்டும் இருக்கும். எல்லாவற்றையும் அங்கேயே ஒரே படைப்பாகக் கோத்து வாசிப்பார். மாயாஜாலம் போலத் தெரியும், ஆனால் இதற்குப் பின்னால் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏராளமான பாட்டுகள் ஒன்றிரண்டு பொதுவான கார்டு வரிசைகள் மேல்தான் நிற்கின்றன. அடித்தளம் ஒன்றானால், ஒரு பாட்டின் மெட்டை வலது கையிலும் இன்னொரு பாட்டின் தாளக்கட்டை இடது கையிலும் வைக்கலாம். பொது வாசல் எங்கே என்று காதுக்குத் தெரிந்தால் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குள் நுழைந்துவிடலாம். சூட்சுமம் தெரிந்துவிட்டதால் செய்துவிடலாம் என்று அர்த்தம் இல்லை. அந்த வாசலை வாசித்துக்கொண்டே, ஒரு நொடிக்குள் கண்டுபிடிக்க வேண்டுமே!

எழுதுகிறவர்

பொல்லானியை வெறும் வாசிப்பவராக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். அவர் இசையை எழுதுகிறவரும் கூட. 1998இல் பாடகர் மாசிமோ அல்தோமாரேயோடு சேர்ந்து ஒரு வேலை செய்தார். மானுடவியலாளர் ஃபோஸ்கோ மராய்னி எழுதிய விசித்திரக் கவிதைகளுக்கு மெட்டுப் போட்டார்கள். அந்தக் கவிதைகளில் பல சொற்களுக்கு அர்த்தமே கிடையாது. ஆனால் ஓசை அசல் இத்தாலியன். கேட்கும்போது புரிகிற மாதிரியே இருக்கும், யோசித்தால் ஒன்றும் இருக்காது.

2002இல் பிரெஞ்சு எழுத்தாளர் ரெமோன் கெனோவின் நாவல் ஒன்றின் பெயரிலேயே 'லே ஃப்ளேர் ப்ளே' என்ற ஆல்பம் போட்டார். கெனோ யாரென்றால், பஸ்ஸில் நடந்த ஓர் அற்பச் சம்பவத்தை 99 விதமாகத் திருப்பித் திருப்பி எழுதி ஒரு முழுப் புத்தகம் ஆக்கியவர். ஒரு மெட்டை நூறு விதமாகச் சொல்லிப் பார்ப்பதுதானே ஜாஸ்காரரின் தொழிலும்? பொல்லானிக்கு அவரைப் பிடித்ததில் ஆச்சரியமே இல்லை.

2010இல் ரிக்கார்தோ ஷாயி நடத்த, லைப்ஸிக்கின் கெவாண்ட்ஹவுஸ் ஆர்கெஸ்ட்ராவோடு கெர்ஷ்வினின் 'ராப்ஸடி இன் ப்ளூ' வாசித்த பதிவு வந்தது. 1924இல் அது அரங்கேறியபோது பியானோ பகுதி முழுசாக எழுதி முடிக்கப்படவில்லை, கெர்ஷ்வின் சில இடங்களை மேடையிலேயே இட்டுக்கட்டி வாசித்தார் என்பது வரலாறு. ஆகவே, செவ்வியல் கல்லூரியில் படித்துவிட்டு ஜாஸுக்கு வந்தவரின் கையில் அது பொருந்திப் போனதில் நியாயம் இருக்கிறது. பின்னாளில் பியானோவுக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்குமாக 'கொன்செர்த்தோ அட்ஸூர்ரோ' என்ற பெரிய படைப்பைத் தானே எழுதினார்.

சிரிப்பு ஒரு குற்றமா?

பொல்லானி மேடையில் ஜோக் அடிப்பார். பாவ்லோ கோந்தே போன்ற பிரபல பாடகர்களின் குரலை மிமிக்ரி செய்வார். வானொலியில் நகைச்சுவை நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார், டிவியிலும் வருகிறார். இவ்வளவு சிரிக்க வைக்கிறவரைத் தீவிர இசைஞராக எடுத்துக்கொள்ள முடியுமா என்ற தயக்கம் ஜாஸ் ரசிகர்களில் ஒரு சாராருக்கு இருக்கத்தான் செய்கிறது. திறமையைச் சில்லறையாகச் செலவழிக்கிறார் என்பது அவர்கள் வாதம். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. சில கச்சேரிப் பதிவுகளில் ஒரு நல்ல யோசனை முழுசாக மலர்வதற்குள் அடுத்த வேடிக்கைக்குத் தாவிவிடுகிறார்.

ஆனாலும் நான் அவர் பக்கம்தான். வேடிக்கை அவருடைய இசைக்கு வெளியிலிருந்து ஒட்டவைத்த ஜிகினா அல்ல. ஆரம்பமே அதுதானே? பியானோவில் உட்கார்ந்து கூட்டத்தைச் சிரிக்க வைத்த நேப்பிள்ஸ்காரரைப் பார்த்துத்தான் இந்தப் பையன் இசைக்குள்ளேயே வந்தான். சிரிப்பை எடுத்துவிட்டால் இவர் இன்னும் ஆழமான கலைஞர் ஆகிவிடுவார் என்று நினைப்பது, கலைஞன் என்றால் துன்பப்பட்டே ஆகணும் என்கிற பழைய நம்பிக்கையின் இன்னொரு முகம். அந்த நம்பிக்கையின் விலை என்ன என்று லூகா ஃப்ளோரஸின் கதையைப் படித்த பிறகு எனக்கு அதன்மேல் துளியும் மரியாதை இல்லை. ஒருவரின் துயரத்தை நாம் கலையின் நிபந்தனை ஆக்கக் கூடாது.

2010 டிசம்பர் கடைசியில் ஓர்வியேத்தோ நகரில் சிக் கொரியாவும் பொல்லானியும் எதிரெதிர் பியானோவில் வாசித்த கச்சேரியை மறு வருஷம் இ.சி.எம். வெளியிட்டது. கொரியா இத்தாலிய வம்சாவளி அமெரிக்கர், உலகப் புகழ் பெற்றவர், முப்பது வருஷம் மூத்தவர். யார் எந்தச் சுரத்தை வாசிக்கிறார் என்று பல இடங்களில் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒருவர் ஒரு கேலியை எறிய, மற்றவர் பிடித்துத் திருப்பி எறிகிறார். அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு, விளையாட்டு வேறு தீவிரம் வேறு என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கடைசியாக ஒன்று

பொல்லானி போனபிறகு ராவா சும்மா இருக்கவில்லை. சியெனா வகுப்பில் பார்த்த இன்னொரு இளைஞனைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். 1985இல் ஃபொலிஞ்ஞோவில் பிறந்த ஜொவான்னி குவிதி. அவரும் இன்று இ.சி.எம்மில் சொந்தப் பெயரில் ஆல்பம் போடுகிற பியானோ கலைஞர். வாசிப்பு பொல்லானிக்கு நேர் எதிர்: மெதுவாக, தயங்கித் தயங்கி, ஒவ்வொரு சுரமாக. ஒரே மனிதர் இப்படி இரண்டு எதிரெதிர் ஆட்களை அவரவர் வழியிலேயே வளரவிட்டிருக்கிறார்.

இளம் மேதைகளின் கதையை எழுதும்போது நாம் மேதையை மட்டும் எழுதிவிடுகிறோம். ஒரு சிறுவனின் கேசட்டைக் கேட்டுவிட்டுப் பதில் எழுதியவர், தன் பாடு தாங்காத நிலையிலும் பாடம் சொன்னவர், "வா" என்று கூப்பிட்டு இடமும் கொடுத்தவர் எல்லாம் அடிக்குறிப்பில் போய்விடுகிறார்கள். பொல்லானியைக் கேட்க ஆரம்பிக்கிறவர்கள் 'பியானோ சோலோ'விலிருந்து ஆரம்பியுங்கள். பிடித்திருந்தால் 2007இல் ராவாவும் அவரும் இருவர் மட்டும் வாசித்த 'தி தேர்ட் மேன்' ஆல்பத்துக்குப் போங்கள். அப்புறம் ஒரு நாள், மனசு கொஞ்சம் தெம்பாக இருக்கும்போது, லூகா ஃப்ளோரஸையும் கேளுங்கள்.